போர்சலின் டைல்ஸ் ஒட்ட எந்தக் கம்மு? கொத்தனார் ஒண்ணு சொல்றாரு, கடைக்காரர் ஒண்ணு சொல்றாரு

திங்கள்நகர்வீடு

வணக்கம் மக்களே. திங்கள்நகர் பக்கம் வீட்டு வேல ஓடிட்டு இருக்கு. பூச்சு முடிஞ்சு ஒரு மாசம் தாண்டியாச்சு, டைல்ஸும் வந்து எறங்கியாச்சு. ஹாலு, மூணு ரூமு, அடுக்களை எல்லாம் சேர்த்து தரை 1100 சதுர அடி. 4×2 அடி போர்சலின், பளபளப்பு. ரெண்டு பாத்ரூம் சுவருக்கும் அதே அளவுல மேட், 420 சதுர அடி. முன்பக்கம் மேற்குப் பார்த்த சுவருக்குக் கல்லு மாதிரி எலிவேஷன் டைல் கொஞ்சம். எல்லாம் குஜராத் மோர்பி சரக்கு.

எங்க கொத்தனார் வேண்டப்பட்ட ஆளு. அப்பா காலத்துலேர்ந்து எங்க குடும்பத்துல எந்த வீடு கெட்டுனாலும் அவருதான் கல்லு வைப்பாரு. அவரு சொல்றது: "தரைக்குச் சாந்து போட்டு சிமென்ட் பாலு விட்டாப் போதும். சுவருக்கு வேணும்னா பத்து மூடை கம்மு வாங்கு, சிமென்டோட பாதிக்குப் பாதி கலந்து அடிச்சிருவோம்." கடைக்காரர் என்னடான்னா தரைக்கு மட்டும் 40 மூடை எழுதித் தந்துட்டாரு. 20 கிலோ மூடை. பையில 50லேர்ந்து 60 சதுர அடி வரும்னு அச்சடிச்சிருக்கு. அந்தக் கணக்குக்கு 20 மூடைல முடியணும். மீதி 20 யாருக்கு?

கொத்தனார் மனசு நோகாம இதை எப்படிப் பேசலாம்னும் யாராவது சொல்லுங்க.

குலசேகரம்ரப்பர்

மீதி 20 கடைக்காரர் மச்சினன் வீட்டுக்கு.

மஸ்கட்கரண்டி

சிரிச்சுட்டுப் போயிராதிய. கடைக்காரர் கணக்கு சரிதான். நான் மஸ்கட்ல 11 வருசம் டைல்ஸ் வேல பார்த்தவன், இப்ப கருங்கல் ஊர்ல இருக்கேன்.

பையில போட்டிருக்க 50-60 சதுர அடி, 3 மில்லிமீட்டர் கனத்துக்கு. பக்கத்துலயே பொடி எழுத்துல இருக்கும் பாருங்க. 4×2க்கு 3 மில்லி காணாது. அவ்வளவு நீள டைலு ஒண்ணுகூட நேர் தட்டையா வராது. ரெண்டு டைலை முகத்தோட முகம் சேர்த்து நிறுத்திப் பாருங்க, நடுவுலயோ ஓரத்துலயோ வெளிச்சம் தெரியும். அந்த வளைவை நெரப்ப 10 மில்லி பல்லு வச்ச கரண்டில தரையில இழுத்து, டைல் முதுகுலயும் ஒரு பூச்சு தேய்க்கணும். அமுக்கின பொறவு 5, 6 மில்லி நிக்கும். அப்ப மூடைக்கு 25லேர்ந்து 30 சதுர அடிதான். 1100ஐ 28ஆல வகுங்க, 39 சொச்சம். பாத்ரூம் சுவருக்கு இன்னொரு 15 மூடை.

இனி சிமென்ட் பாலு விசயம். ஒரு காரியம் செய்யுங்க. வீட்டுல பழைய சுவர் டைல் துண்டு கெடக்கும்லா, அந்த வெளுத்த செராமிக். அதோட முதுகுல ரெண்டு சொட்டுத் தண்ணி விடுங்க. கண்ணு முன்னாலயே குடிச்சிரும். போர்சலின் முதுகுல விடுங்க, அப்படியே கெடக்கும். செராமிக் சுவர் டைலு நூத்துக்குப் பத்துப் பங்குக்கு மேல தண்ணி குடிக்கும், போர்சலின் நூத்துக்கு அரைப் பங்குகூட குடிக்காது. சிமென்ட் பாலு அந்தப் பொடித் துவாரத்துக்குள்ள எறங்கி, அங்க எறுகித்தான் பிடிக்கும். துவாரமே இல்லாத கல்லுல அது எங்கன போய்ப் பிடிக்க? அதுக்குத்தான் கம்முல பாலிமர் சேர்க்கான். அது மேல்பரப்புலயே ஒட்டும்.

பழைய டைலை ராத்திரி முழுக்கத் தண்ணில போட்டு ஊற வச்சதும் இதனாலதான். போர்சலினை ஊறப்போட்டா ஒரு பிரயோஜனமும் இல்ல. கம்முல ஒட்டும்போது ஊறப்போடவே கூடாது.

வடசேரிகொத்தன்

தம்பி மஸ்கட்ல படிச்சதை இங்க வந்து சொல்லுது, நல்லது. நான் 27 வருசமா கரண்டி பிடிக்கேன். 2×2 விட்ரிஃபைடு டைலு, அதுவும் தண்ணி குடிக்காத போர்சலின் ஜாதிதான், வந்த நாள்லேர்ந்து சாந்துலயும் பாலுலயும்தான் பதிக்கேன். நாகர்கோவில்ல எத்தனை கடை, எத்தனை கல்யாண மண்டபம். ஒண்ணும் இளகல. வீட்டுக்காரர் காசுல கம்பெனிக்காரன் வாழணும்னா வாங்கட்டும்.

மஸ்கட்கரண்டி

அண்ணே, நீங்க சொல்றதுல பாதி உண்மைதான், நான் ஒத்துக்கிடுதேன். தரையில டைலுக்குப் போக இடமில்ல. கீழ சாந்து நல்லா இறுகி, மேல எடை அழுத்திக்கிட்டு இருந்தா ஒட்டாத டைலும் அங்கனயே கெடக்கும். அது ஒட்டிப் பிடிச்சு நிக்கல அண்ணே, சும்மா உக்காந்திருக்கு. ரூபா நாணயத்தால தட்டிப் பாருங்க, பாதிக்குப் பாதி டொக்கு டொக்குன்னு கேக்கும். 2×2ல அது பெருசாத் தெரியாது. 4×2ல மூலையில பீரோ காலு வந்து உக்காந்தா டப்புன்னு கீறும்.

சுவருல அந்தப் பேச்சே கிடையாது. 4×2 டைலு ஒண்ணு 15 கிலோ பக்கம் வரும். பாத்ரூமுல தலைக்கு மேல 15 கிலோ நிக்கப் போகுது.

வடசேரிகொத்தன்

சுவருக்கு நானும் கம்முதான் போடுதேன். சுவருக்கு வேண்டாம்னு எப்ப சொன்னேன்?

மணக்குடிக்காரி

சுவர்ப் பேச்சு வந்ததால எங்க வீட்டுக் கதையைச் சொல்லிடறேன். எங்க மாடியில நின்னா கடல் தெரியும். முன்சுவருக்கு 2×1 எலிவேஷன் டைல் ஒட்டினோம். ஒட்டினவர் கம்முதான் போட்டார், அதுல குறை சொல்ல முடியாது. ரெண்டாவது வருஷம் ஒரு நாள் மத்தியானம் ஒண்ணு விழுந்தது. அடுத்த மழைக்கு நாலு. கடைசியா விழுந்தது என் சின்னவன் சைக்கிள் நிறுத்தற இடத்துல.

விழுந்த டைலைத் திருப்பிப் பார்த்தேன். முதுகுல நாலு மூலையிலயும் நடுவிலயும் இட்லி வச்ச மாதிரி அஞ்சு வட்டத் தடம். மற்ற இடமெல்லாம் சுத்தம். முதுகுல அச்சடிச்ச எழுத்துகூட வாசிக்கிற மாதிரி இருந்தது. அந்த இட்லிகளும் சுவரோடதான் இருக்கு, டைல்ல ஒரு பொட்டு கம் இல்லை. விரலால தடவினா மாவு மாதிரி வெள்ளைப் பொடி ஒட்டுது. இட்லிக்கு இடையில இருந்த பொந்துல தண்ணி போயிருக்கு, சுவர் முழுக்க உப்புப் பூத்துக் கிடக்கு. கம் கலக்கினது எங்க போர் தண்ணில. அது வாயில வைக்க முடியாத உப்பு.

ஒட்டினவர்கிட்ட கேட்டதுக்குக் "கடக்காத்துக்கு எதுவும் நிக்காது" என்றார்.

மஸ்கட்கரண்டி

அக்கா, காத்து பாவம். அந்த வெள்ளைப் பொடிதான் பாதி வில்லன். சூளையில உருளை மேல டைலு ஒட்டிப் பிடிக்காம இருக்க முதுகுல தடவி அனுப்புற பொடி அது. எல்லா டைல்லயும் கொஞ்சம் இருக்கும், சிலதுல அப்பிக் கெடக்கும். ஈரத் துணியால துடைச்சு, ஈரம் போன பொறவு ஒட்டணும். இல்லன்னா கம்மு பொடியைத்தான் பிடிக்கும், டைலைப் பிடிக்காது. எந்த டைப்பு வாங்கினாலும் இதே கதைதான். நான் பார்த்த வேலைகள்ல பத்துக்கு எட்டுல யாரும் துடைக்கிறதில்ல.

அடுத்த பாதி அந்த இட்லி. உள்வீட்டுல காஞ்ச இடத்துல டைல் முதுகுல நூத்துக்கு 80 பங்காவது கம்மு நெறைஞ்சிருக்கணும், நனையிற இடத்துலயும் வெளிச்சுவருலயும் 95. இட்லி வச்சா பாதிகூட வராது. கம்மைக் கரண்டியால ஒரே திசையில கோடு கோடா இழுங்க, வட்டம் வட்டமா இழுக்காதிய. கோடு நேரா இருந்தாத்தான் அமுக்கும்போது காத்து வெளிய போகும்.

சிவில்தக்கலை

இதுவரை யாரும் பையில் என்ன பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக் கட்டுமானம்தான் என் தொழில்.

நம் நாட்டில் டைல் பசைக்கான தரக்குறிப்பு ஐ.எஸ். 15477. அதில் பசையை டைப் 1 முதல் டைப் 5 வரை பிரித்திருக்கிறார்கள். டைப் 1 உள்தரையில் பதிக்கும் செராமிக்குக்கு. நீங்கள் வாங்கியிருக்கும் சரக்குக்கு அது வேண்டாம், கடையில் மலிவு என்று தள்ளிவிடுவது பெரும்பாலும் அதைத்தான். போர்சலினுக்கு டைப் 2-இல் தொடங்குங்கள். டைல் பெரியது, சுவர், வெளிப்புறம் என்றால் டைப் 3. பழைய டைல் மேல் புது டைல் ஒட்டுவது, பிளைவுட் போன்ற பரப்புகள் எல்லாம் டைப் 4. உலோகம், கண்ணாடிக்குப் போவது டைப் 5, அது சிமென்டே இல்லாத பிசின் வகை.

சில பைகளில் ஐரோப்பியக் குறியீடும் இருக்கும்: சி2டிஇ எஸ்1 (C2TE S1) என்பது போல. சி2 என்றால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 1 நியூட்டன் இழுவையையாவது தாங்க வேண்டும். சி1-க்கு அதில் பாதி போதும். டி என்றால் சுவரில் ஒட்டிய டைல் வழுக்கி இறங்காது. இ என்றால் இழுத்து விட்ட பசை கூடுதல் நேரம் ஒட்டும் பதத்தில் இருக்கும். எஸ்1 என்பது இறுகிய பிறகும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும் தன்மை.

தரைக்கு டைப் 2 போதும். பாத்ரூம் சுவருக்கு வழுக்காத வகை டைப் 2 அல்லது 3. அந்த மேற்குச் சுவருக்கு மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள், டைப் 3 வாங்குங்கள், எஸ்1 குறியும் இருக்கட்டும். நம்மூரில் மத்தியானம் இரண்டு மணி வெயிலில் மேற்குச் சுவரைக் கையால் தொட முடியாது, நாலு மணிக்கு மழை அடித்து அதே சுவர் சில்லென்று ஆகிவிடும். 1200 மில்லி டைல் 30 டிகிரி சூடு ஏறினால் கால் மில்லி நீள்கிறது. பின்னால் சுவர் வேறு அளவில் நீள்கிறது. நடுவில் மாட்டிக்கொள்வது பசை. வளைந்து கொடுக்காத பசை என்றால் ஒரு நாள் விட்டுவிடும்.

அதனால்தான் இடைவெளியும். டைல்களை ஒட்டி ஒட்டி, கோடே தெரியாமல் பதிக்கச் சொல்லி வீட்டுக்காரர்களே அடம் பிடிக்கிறார்கள். உள்ளே 2 மில்லியாவது, வெளியே 4, 5 மில்லி விடுங்கள். தரையில் நாலு சுவர் ஓரமும் சின்ன இடைவெளி சும்மா கிடக்கட்டும், சுவர் அடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் பட்டை மறைத்துவிடும்.

திங்கள்நகர்வீடு

ரொம்ப நன்றி. அந்தப் பாதிக்குப் பாதி சிமென்ட் கலக்குற விசயம்? கம்முலயும் சிமென்ட்தானே இருக்கு, கொஞ்சம் கூடச் சேர்த்தா பலம் கூடத்தானே செய்யும்னு கேக்காரு.

சிவில்தக்கலை

கூடாது. பசையில் சிமென்ட், சலித்த மணல், கொஞ்சம் பாலிமர், துளி செல்லுலோஸ் இருக்கும். அந்தத் துளிதான் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. 5 மில்லி கனப் பூச்சிலிருந்து சுவர் சட்டென்று தண்ணீரை உறிஞ்சிவிட்டால் சிமென்ட் இறுக நேரமே கிடைக்காது, பொடியாகிவிடும். நீங்கள் சிமென்டைப் பாதி கலந்தால் பாலிமரும் பாதி, செல்லுலோஸும் பாதி. டைப் 3 காசு கொடுத்து வாங்கி டைப் 1-ஐவிடக் கீழான ஒன்றை நீங்களே தயாரிக்கிறீர்கள். போதாக்குறைக்குச் சிமென்ட் கூடினால் காயும்போது சுருக்கமும் கூடும்.

குலசேகரம்ரப்பர்

சாராயத்துல தண்ணி ஊத்துற கணக்கு.

அது இருக்கட்டும், பத்மநாபபுரம் அரண்மனைத் தரை எந்த டைப்பு? சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளையும் போட்டதுன்னு சொல்லுவாவ. இன்னிக்கும் முகம் தெரியுது.

வடசேரிகொத்தன்

அது டைலு இல்ல மக்கா, மெழுகின தரை. ஒட்டுனாத்தானே இளகும்.

மார்த்தாண்டம்ஹார்டுவேர்

கடைக்காரன் பக்கமும் ஒண்ணு சொல்லிடறேன். மூடை வாங்கும்போது விலையைக் கேக்குற ஆளு நூறு, தயாரிச்ச மாசத்தைப் பார்க்குற ஆளு ஒண்ணு. பிரிக்காத பைக்கு ஒரு வருசம்தான் ஆயுசு. நம்ம ஊர் ஈரத்துக்கு அதுவரைக்கும்கூடத் தாங்காது, தரையோட அடுக்கினா அடி மூடையில கட்டி தட்டிரும். பையை ரெண்டு கையாலயும் அமுக்கிப் பாருங்க. உள்ள கல்லு மாதிரி உருண்டா அந்த மூடையைத் திருப்பிக் குடுங்க. கட்டியை உடைச்சுச் சலிச்சுப் போடுற வேல வேண்டாம். வீட்டுலயும் பலகை மேல அடுக்கி வைங்க.

ரெண்டாவது, சுவருல புட்டியோ பெயின்டோ அடிச்சிருந்தா அதுமேல ஒட்டாதிய. கம்மு புட்டியைப் பிடிக்கும், புட்டி சுவரை விட்டுரும். சுரண்டி எடுத்து, கொத்து போட்டு ஒட்டணும். ஜிப்சம் பூச்சுன்னா அதுக்கான பிரைமர் அடிக்காம நேரடியாப் போடக் கூடாது.

திங்கள்நகர்வீடு

சுவர் வெறும் சிமென்ட் பூச்சுதான். பாத்ரூமுல வாட்டர் புரூஃப் ரெண்டு கோட் அடிச்சிருக்கு. அது பிரச்சினையா?

மஸ்கட்கரண்டி

நல்லாக் காஞ்சிருந்தா பிரச்சினை இல்ல. அந்தக் கோட்டு மேல வெறும் சிமென்ட் பாலு போட்டாத்தான் வழுக்கிட்டு நிக்கும். டைப் 2ஓ அதுக்கு மேலயோ உள்ள கம்மு பிடிக்கும். ஆணி அடிச்சோ கொத்தியோ கோட்டைக் கிழிச்சிராம கையாளைப் பார்த்துக்கிடுங்க.

கலக்குற முறையும் கேட்டுக்கிடுங்க, அங்கதான் எல்லாரும் கோட்டை விடுவாங்க. சட்டியில முதல்ல தண்ணி, அப்புறம்தான் பொடி. 20 கிலோவுக்கு ஏறக்குறைய 5 லிட்டர், பையில எவ்வளவு போட்டிருக்கோ அவ்வளவு. அளவுப் பாத்திரம் வச்சு ஊத்துங்க, குழாயைத் திறந்து விடாதிய. குடிக்கிற தண்ணியா இருக்கணும், மணக்குடி அக்கா வீட்டுப் போர் தண்ணி ஆகாது. டிரில் மிஷின்ல கலக்கி, அஞ்சு பத்து நிமிசம் சும்மா வச்சு, திரும்ப ஒருக்கக் கலக்கணும். அந்த அஞ்சு நிமிசத்துலதான் பாலிமர் கரையும். கெட்டியாயிட்டுன்னு இடையில தண்ணி விடக் கூடாது.

சுவருல இழுத்து விட்டா 20 நிமிசத்துக்குள்ள டைல் வந்து உக்காரணும். காத்தடிச்சா, வெயில் விழுந்தா அதுக்கும் முன்னால. சந்தேகம்னா விரலை வச்சுப் பாருங்க. விரல்ல ஒட்டினா சரி. ஒட்டாம மேல ஆடை கட்டுன மாதிரி இருந்தா வழிச்சு எடுத்துத் தூரப் போடுங்க. மனசு வராது, ஆனா போடத்தான் வேணும்.

வடசேரிகொத்தன்

அந்தத் தம்பி கொத்தனார் மனசைப் பத்திக் கேட்டுது, அதுக்கு ஒருத்தரும் பதில் சொல்லல. நான் சொல்லுதேன். "நெட்டுல இப்படிப் போட்டிருக்கான்"னு போய் நிக்காதே. எங்களுக்கு அதைக் கேட்டாலே எரியும். முதல் டைலை ஒட்டச் சொல்லு, பத்து நிமிசம் கழிச்சு, "அண்ணாச்சி, இதைக் கழத்திப் பாப்பமா"ன்னு கேளு. முதுகைப் பார்த்தா எந்தக் கொத்தனுக்கும் தெரியும். நல்ல கொத்தன்னா அவனே வெக்கப்படுவான்.

தரைக்கு ஒரு வழி சொல்லுதேன். 40 மூடை தாங்காதுன்னா சாந்தை சிமென்ட் 1க்கு மணல் 4னு கலந்து நல்லா அடிச்சு இறுக்கி மட்டம் பாரு. அது காயிறதுக்கு முன்னால டைல் முதுகு முழுக்கக் கம்மை மெல்லிசாத் தேச்சு, சாந்து மேலயும் பாலுக்குப் பதிலா கம்மையே கரைச்சு விட்டுப் பதி. நான் இப்ப அப்படித்தான் செய்யுதேன். பாலு விட்டாப் போதும்னு மேல எழுதுனது பழைய 2×2 கணக்கு.

மஸ்கட்கரண்டி

அண்ணே அண்ணே, இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் இவ்வளவு டைப் அடிச்சிருக்க வேண்டாம்லா.

திங்கள்நகர்வீடு

பன்னிரண்டு நாள் கழிச்சு வாரேன். நடந்ததைச் சொல்லணும்.

வடசேரி அண்ணாச்சி சொன்னபடியே செய்தேன். பாத்ரூம் சுவருல முதல் டைலை ஒட்டி, ரப்பர் சுத்தியலால தட்டி, ரசமட்டம் வச்சுப் பார்த்துட்டு எங்க கொத்தனார் பீடி பத்த வச்சாரு. கழத்திப் பாப்பமான்னேன். ஒரு மாதிரி பார்த்தாரு. கண்ணாடி தூக்குற ரப்பர் கப்பை ஒட்டி இழுத்தாரு, பச்சுன்னு வந்துட்டு. நடுவுல நல்லா ஒட்டியிருக்கு, கோடு நசுங்கிப் பரவியிருக்கு. ஆனா கீழ் ரெண்டு மூலையும் வெறுசா இருக்கு. முதுகுல ஒரு பக்கம் கம்மே பிடிக்காம வெள்ளையாத் திட்டுத் திட்டா. அங்க விரலை வச்சுத் தேச்சுப் பார்த்தாரு. விரலைப் பார்த்தாரு. ஒண்ணும் பேசல.

மறுநாள் காலையில நான் போறதுக்கு முன்னால வாசல்ல டைலை வரிசையா நிறுத்தி வச்சு, கையாள் பையனை ஈரத் துணியோட உக்கார வச்சிருந்தாரு. நான் ஒரு டைலைத் துடைக்காம எடுத்துக் குடுத்தேன்னு எனக்கும் ஏச்சு விழுந்துச்சு.

தரைக்கு அண்ணாச்சி சொன்ன சாந்து வழிதான். 40க்குப் பதிலா 18 மூடைல முடிஞ்சுது. நாணயத்தால தட்டிப் பார்த்ததுல ஹால்ல ரெண்டு டைல் மட்டும் டொக்குன்னு கேட்டுது, ரெண்டையும் அவரே தோண்டி மாத்திட்டாரு. மேற்குச் சுவர்ல இப்ப கை வைக்கல. ஐப்பசி கார்த்திகை மழை தாண்டி, சுவர் காஞ்ச பொறவு தை மாசம் பாத்துக்கிடலாம்னு விட்டாச்சு.

டைப் 3 மூணு மூடை மிச்சம் கெடக்கு. தை வரைக்கும் வச்சிருக்கலாமா?

மணக்குடிக்காரி

தம்பி, அதை எனக்குத் தாங்க, காசு தந்துடறேன். முன்சுவர் பாக்கி டைலையும் கழட்டிட்டோம், கீழ்ப் பாதிக்கு மட்டும் திரும்ப ஒட்டலாம்னு இருக்கோம். போர்ட்டிகோ மறைக்கிற இடம்தான், மழை படாது. இந்த முறை தண்ணி குடம் குடமா வெளியிலேர்ந்து வாங்கி வைக்கிறேன்.

மார்த்தாண்டம்ஹார்டுவேர்

அக்கா, ஏத்துறதுக்கு முன்னால பையில மாசத்தைப் பாருங்க. சுவர்ல உப்பையும் கம்பி பிரஷ் போட்டு உரசிக் கழுவிக் காய விட்டுட்டு ஆரம்பிங்க.

திங்கள்நகர்வீடு

மாசம் பார்த்துட்டேன், ஆவணில வந்த சரக்கு. பலகை மேலதான் இருக்கு. ஞாயித்துக்கிழமை வண்டி அனுப்புங்க அக்கா.